இதுல நாளைக்கு எம்புட்டு மாவுன்னு எங்கே போட்டிருக்கு?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் குடும்பத்துக்குப் பலகாரக் கடை. கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம், மாவுருண்டை, அதிரசம் எல்லாம் எங்கள் அடுப்படியிலேயே போடுகிறோம். செக்காலையில் பெரிய கடை, பிள்ளையார்பட்டிச் சாலையில் ஒன்று, மதுரையில் ஒன்று. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கூரியரில் போகிறது. கணக்கு டாலி மென்பொருளில். சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்திடம் சொல்லி பவர் பி.ஐ. மென்பொருளில் டாஷ்போர்டு (வியாபார எண்களைத் திரையில் வரைபடங்களாகக் காட்டுவது) செய்து வாங்கினேன். முதல் பக்கத்தில் மட்டும் 23 படங்கள். அப்பச்சியை (அப்பாவை) கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். "நல்லா வண்ணமாத்தான் இருக்கு ஆத்தா. இதுல நாளைக்கு எம்புட்டு மாவு பிசையணும்னு எங்கே போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு நோட்டைத் திறந்துவிட்டார். அதன்பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. கடை மேனேஜர்களும் திறப்பதில்லை. எங்களைப் போன்ற தொழிலுக்கு டாஷ்போர்டே தேவையில்லையா? அல்லது படங்களை மாற்றினால் சரியாகுமா? எல்லாவற்றையும் தமிழில் வைக்கலாமா? ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.
(காரைக்குடி வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நான்கு ஸ்கிரீன்ஷாட்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் அப்பச்சி குறை சொல்லவில்லை. இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், ஒரு டாஷ்போர்டைப் பார்த்து ஒருவர் இவ்வளவு சரியான கேள்வி கேட்டு நான் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை, டாஷ்போர்டு செய்துகொடுத்தவர்களிடம் முதல் நாளே சொல்லியிருந்தால், 23 படங்களில் இருபது பிறந்தே இருக்காது.

என் தாத்தா தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டுக்குக் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் சொல்லிக் கேட்டதுதான் எனக்கு முதல் பாடம், கல்லூரியில் படித்ததெல்லாம் அப்புறம். ரங்கூனிலும் மோல்மேனிலும் பினாங்கிலும் கடை; முதலாளி இங்கே செட்டிநாட்டில். கடையை நடத்துகிற ஏஜெண்டு மூன்று வருடக் கணக்கில் போய் இருந்துவிட்டு வருவார். இடையில் நடப்பதெல்லாம் கப்பல் தபாலில் வருகிற தாளில்தான் தெரியும். பேரேடும் குறிப்பேடும் அங்கேயே இருக்கும். முதலாளி கைக்கு வருவது ஐந்தொகை. கடை எந்த நிலையில் நிற்கிறது என்று சில தலைப்புகளில் சுருக்கிக் காட்டும் கணக்கு. வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) உட்கார்ந்து அதைப் பார்த்துத்தான், இன்னும் பணம் அனுப்புவதா, வட்டியை இறக்குவதா, ஏஜெண்டுக்குக் கடுதாசி போடுவதா என்று முடிவெடுப்பார்கள். கடல் கடந்த தொழிலைச் சில தலைப்புகளில் நடத்தியவர்களின் ஊரில் இருந்துகொண்டு, மூன்று கடைக்கு 23 படம் வைத்திருக்கிறோம் நாம்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: டாஷ்போர்டு தேவை. ஆனால் இது அல்ல. இரண்டாவது கேள்விக்கு: படங்களை மாற்றுவது கடைசி வேலை. முதல் வேலை, அப்பச்சி எதைப் பார்த்து என்ன முடிவெடுக்கிறார் என்று கண்டுபிடிப்பது.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை, சூடுபட்டுச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஜவுளிக் கடைக்காரருக்கு நாற்பது சார்ட் செய்துகொடுத்தேன். இரண்டு மாத உழைப்பு. ஆறு மாதம் கழித்துப் போனபோது, கேஷியர் தினமும் இரவு ஒன்பதரைக்கு போனில் அனுப்பும் மூன்று எண்களை வைத்தே அவர் கடையை நடத்திக்கொண்டிருந்தார். இன்றைய வசூல், நாளைக்குக் கொடுக்க வேண்டிய செக், கட்டுப் பிரிக்காத சரக்கு. என் நாற்பதில் அந்த மூன்றில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் மூன்றாம் பக்கத்தில். அவரிடம் நான் கேட்டிருந்தது "உங்களுக்கு என்னென்ன பார்க்கணும்?" என்று. அப்படிக் கேட்டால் யாரும் "எல்லாம்தான்" என்பார்கள். கேட்க வேண்டியது, "நேற்று என்ன முடிவெடுத்தீர்கள், எதைப் பார்த்து எடுத்தீர்கள்?" என்பது.

எனவே மூன்று நாள் அப்பச்சி பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். அவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார், புரட்டியதும் யாரைக் கூப்பிட்டு என்ன சொல்கிறார் என்று மட்டும் எழுதுங்கள். "மதுரைக்கு மனகோலம் இந்த வாரம் கம்மியா விடு", "கடலை எண்ணெய் பத்து டின் சேர்த்துச் சொல்லு", "முகூர்த்த ஆர்டர் இனிமேல் எடுக்காதே, ஆள் பத்தாது". இப்படி ஏழெட்டு வாசகம் வரும், அதற்கு மேல் வராது. ஒவ்வொரு வாசகத்துக்கும் முன்னால் அவர் பார்த்த எண் எதுவோ அதுதான் முதல் பக்கத்துக்கு உரியது. எந்த எண்ணைப் பார்த்தும் யாரும் எதையும் மாற்றிச் செய்யப்போவதில்லையோ, அதை எவ்வளவு அழகாக வரைந்தாலும் சுவர் ஓவியம்தான்.

இனி உங்கள் திரைக்கு வருகிறேன். அதில் நான் இரண்டு இடத்தில் நெடுநேரம் நின்றேன்.

ஒன்று, இரண்டாம் பக்கத்தின் கீழே இருக்கும் பிள்ளையார்பட்டிக் கடையின் சீப்புச்சீடைக் கோடு. வார நாட்களில் ஏறி இறங்குகிறது, இயற்கை. சனிக்கிழமைகளில் மட்டும் எல்லா வாரமும் 18 கிலோ, 18 கிலோ, 18 கிலோ என்று நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. "நிலையான விற்பனை" என்று பச்சைக் குறி வேறு. மனிதர்கள் வாங்குவது அப்படி ஒரே அளவில் இராது. உங்கள் வேன் சனிக்கிழமை காலையில் 18 கிலோதான் கொண்டுபோய் இறக்குகிறது என்று நினைக்கிறேன். கோயிலுக்கு வந்தவர்கள் எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறார்கள். அதற்குப் பின் வந்தவர்கள் "இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிவிடுகிறார்கள். போன வாடிக்கையாளருக்கு பில் கிடையாது, பில் இல்லாதது டாலியில் ஏறாது, டாலியில் இல்லாதது டாஷ்போர்டில் வராது. அந்தக் கோடு உங்கள் சீடைக்கு எவ்வளவு கிராக்கி என்று காட்டவில்லை. உங்கள் வேனில் எவ்வளவு ஏற்றினீர்கள் என்று காட்டுகிறது.

விற்பனை வேறு, தேவை வேறு. இந்த வேறுபாட்டை எந்த மென்பொருளும் தானாகச் சொல்லாது. தீர்வு எளிது: தட்டு காலியான நேரத்தைக் கடைப்பையன் ஒரு தாளில் எழுதட்டும். "சீடை, 11.20." அவ்வளவுதான். கடை இரவு எட்டு வரை திறந்திருக்க, சரக்கு பதினொன்றரைக்கே தீர்ந்தால் அப்பச்சியின் மாவுக் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. மறுபாதி, விற்காமல் திரும்பி வந்த சரக்கு. இந்த இரண்டும் உங்கள் 23 படங்களில் எங்கும் இல்லை.

இரண்டாவது, முதல் பக்கத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் "அக்டோபர் 2024" பெட்டி. முந்தைய ஆண்டு அக்டோபரைவிட விற்பனை அமோகம் என்று பெரிய பச்சை அம்பு. அடுத்த பெட்டியில் "நவம்பர் 2024", ரத்தச் சிவப்பில் கீழ்நோக்கிய அம்பு. இதைப் பார்த்துவிட்டு யாரையாவது பாராட்டியோ திட்டியோ இருந்தால் இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். 2023இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. 2024இல் அக்டோபர் 31, வியாழன். 2025இல் அக்டோபர் 20, திங்கள். பலகாரக் கடைக்கு தீபாவளிக்கு முந்தைய பத்து நாள்தானே ஆண்டு. அந்தப் பத்து நாளும் 2023இல் முழுக்க நவம்பரிலும், 2024இல் முழுக்க அக்டோபரிலும் விழுந்தன. அம்பு காட்டியது உங்கள் வளர்ச்சியை அல்ல, ஐப்பசி அமாவாசை நகர்ந்ததை.

மென்பொருள்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நாட்காட்டியோடு பிறந்தவை. பவர் பி.ஐ. தேதியைக் கண்டதும் தானாகப் போடும் அடுக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை முதல் காலாண்டு. நம் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. உங்கள் வியாபாரமோ அதையும் பின்பற்றுவதில்லை, சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரைப் பின்பற்றுகிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் அடுப்பு அணைவதில்லை.

எனவே செய்துகொடுத்தவர்களிடம், இல்லையென்றால் எக்செல் தெரிந்த ஒரு பையனிடம், "தேதி அட்டவணை" ஒன்று கேளுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் தமிழ் மாதம், முகூர்த்த நாளா, சங்கடஹர சதுர்த்தியா (பிள்ளையார்பட்டிக் கடைக்கு இது தனியாகவே வேண்டும்), குன்றக்குடியில் திருவிழாவா, பிறகு மிக முக்கியமாக "தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்" என்று ஒரு பத்தி. ஒரு தினசரிக் காலண்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் இருந்தால் ஒரு வருடத்துக்கு நிரப்பிவிடலாம்.

இது வந்துவிட்டால் ஒப்பீட்டை மாதத்துக்கு மாதம் வைக்க வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய 30 நாட்களை எடுத்து, 2023இல் அக்டோபர் 13 முதல், 2024இல் அக்டோபர் 1 முதல், 2025இல் செப்டம்பர் 20 முதல், மூன்று கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுங்கள். கீழ் அச்சில் தேதி இருக்கக் கூடாது. 30, 29, 28 என்று இறங்கி தீபாவளியில் முடிய வேண்டும். கூரியர் ஆர்டர் எத்தனையாவது நாளில் ஏறத் தொடங்குகிறது, கடைக் கூட்டம் எப்போது, எண்ணெயும் வெல்லமும் எப்போது கையில் இருக்க வேண்டும் என்பது எல்லாம் அந்த ஒரே படத்தில் தெரியும். அடுத்த தீபாவளிக்கு அந்தப் படத்தை அச்சடித்து அடுப்படிச் சுவரில் ஒட்டலாம். நான் உங்களுக்கு ஒரே ஒரு படம்தான் வரைந்து தர முடியும் என்றால் இதைத்தான் வரைவேன்.

ஒரு எச்சரிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் பொட்டலமிட்ட நம்கீன் (காரப் பலகாரம்), மிக்சர் வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. சரியாக அந்த 30 நாள் தொடங்கிய மூன்றாம் நாள். உங்கள் படம் வரியோடு சேர்த்த தொகையில் இருந்தால், வரி குறைந்ததை வியாபாரம் குறைந்ததாகக் காட்டும். வரி நீக்கிய தொகையில் போடுங்கள். பலகாரத்துக்குக் கிலோவில் போடுவது இன்னும் நல்லது. முறுக்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் கிலோ கிலோதான், அடுப்படிக்கும் அதுதான் புரியும்.

கல்யாண ஆர்டரையும் கடை விற்பனையையும் பிரிக்கச் சொல்ல மறந்துவிடப் போகிறேன். உங்கள் "சராசரி தினசரி விற்பனை" என்ற பெட்டி இரண்டையும் கலந்து கூழாக்கியிருக்கிறது. ஒரு நாள் 300 கிலோ சீர்ப் பலகாரம் போனால் அந்த மாதச் சராசரியே பொய்யாகிவிடும். 1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியல் அறிஞர் நான்கு சிறு எண் தொகுப்புகளை உருவாக்கிக் காட்டினார். நான்குக்கும் சராசரி ஒன்று, சிதறல் ஒன்று. வரைந்து பார்த்தால் ஒன்று நேராகப் போகிறது, ஒன்று வளைகிறது, மற்ற இரண்டை ஒரே ஒரு விலகிய புள்ளி இழுத்துக்கொண்டு போகிறது. உங்கள் 300 கிலோ அந்த விலகிய புள்ளி.

இப்போது படங்கள்.

வட்ட வரைபடம் மூன்று வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் பதினொரு துண்டு. தேன்குழல் துண்டு பெரிதா, மாவுருண்டைத் துண்டு பெரிதா என்று நானே அளவுகோல் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பட்டை வரைபடமும் கோட்டு வரைபடமும் வில்லியம் பிளேஃபேர் 1786இல் அச்சிட்ட நூலில் வந்தவை, வட்டமும் அவருடையதே, 1801. ஆகவே வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் நம் கண்ணில். கிளீவ்லேண்ட், மெக்கில் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984இல் சோதித்துப் பார்த்தார்கள்: ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் நீளங்களை ஒப்பிடுவதில் மனிதர் தவறுவது குறைவு, கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடச் சொன்னால் தவறு கூடுகிறது. தராசில் இரண்டு தட்டும் ஒரே தண்டில் தொங்குவதால்தானே எது கனம் என்று தெரிகிறது.

பதினொரு பலகாரத்துக்கும் படுக்கைப் பட்டை போடுங்கள், அதிகம் விற்றது மேலே, குறைந்தது கீழே. படுக்கை என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் தமிழ். "கவுனி அரிசி அதிரசம்" என்ற பெயரை நிற்கும் பட்டைக்கு அடியில் எழுதினால் மென்பொருள் அதைச் சாய்த்துவிடும். சாய்ந்த தமிழை யார் படிப்பது? படுக்கைப் பட்டையில் பெயர் இடப்பக்கம் நிமிர்ந்து உட்காரும். பட்டையின் அடி சுழியத்தில் தொடங்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் திரையில் மதுரைக் கடைப் பட்டை செக்காலைக் கடையில் பாதிதான் தெரிகிறது. அச்சு 80 ஆயிரத்தில் தொடங்குவதைப் பார்த்தபிறகுதான் உண்மையான இடைவெளி அவ்வளவு இல்லை என்று தெரிந்தது. மேனேஜர்களும் திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்களே, மதுரை மேனேஜர் ஏன் திறப்பதில்லை என்று இப்போது புரிகிறதல்லவா.

கார் ஸ்பீடோமீட்டர் மாதிரி இரண்டு வைத்திருக்கிறார்கள். டாஷ்போர்டு என்ற பெயருக்காகவோ என்னவோ. அந்தச் சொல்லே குதிரை வண்டியில் வந்தது: குதிரைக் குளம்பு வாரி அடிக்கும் சேறு ஓட்டுகிறவர்மேல் படாமல் முன்னால் அடித்த பலகை. மீட்டரெல்லாம் பின்னால் கார் வந்தபோது அதில் ஏறியவை. ஒரே ஒரு எண்ணைச் சொல்ல அரைச் சாண் இடம் பிடிக்கும் முள்ளை எடுத்துவிட்டு, எண்ணையே பெரிதாக எழுதி, இலக்கைப் பக்கத்தில் சிறிதாக எழுதினால் போதும். வரைபடமே வேண்டும் என்றால் ஒரு பட்டை, இலக்கு இருக்கும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு. தமிழ்நாட்டு வரைபடத்தில் மூன்று வட்டம் போட்டிருப்பதையும் எடுத்துவிடுங்கள். உங்கள் கடைகள் எங்கே இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும்.

வண்ணத்தில் உங்கள் ஆள் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறார். தளத்துக்கு அது அழகு, நடந்து போகிறோம். திரையில் எல்லாமே கண்ணை இழுத்தால் எதுவும் இழுக்கவில்லை என்றுதான் ஆகும். எல்லாப் பட்டையும் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். இன்று அப்பச்சி கவனிக்க வேண்டியது எதுவோ அதற்கு மட்டும் ஒரு நிறம். சிவப்பு பச்சை ஜோடியை நான் தவிர்ப்பேன். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத கண் ஆண்களில் சிலருக்கு உண்டு, அவர்களுக்கே அது தெரியாமலும் இருக்கும். மேலும் புதுக்கணக்கின் முதல் பக்கத்தில் குங்குமம் வைக்கிற வீட்டில் சிவப்பு என்றதும் ஆபத்து என்று ஏன் தோன்ற வேண்டும்? நீலமும் ஆரஞ்சும் வையுங்கள், கூடவே "குறைவு" என்று எழுதிவிடுங்கள். எழுத்து யாரையும் ஏமாற்றாது.

"1.25M" என்று நான்கு இடத்தில் பார்த்தேன். அப்பச்சி கண்ணாடியைத் துடைத்திருப்பார். பவர் பி.ஐ. தரும் சுருக்கம் ஆயிரம், மில்லியன், பில்லியன் வரிசையில்தான் இருக்கிறது. லட்சம் அதில் இல்லை. தொகையை ஒரு லட்சத்தால் வகுத்து "12.5" என்று காட்டி, தலைப்பில் "லட்சம் ரூபாயில்" என்று எழுதச் சொல்லுங்கள். பைசா வேண்டவே வேண்டாம். 12,47,318.50 என்பது ஆடிட்டருக்கு. முடிவெடுப்பவருக்குப் பன்னிரண்டரை லட்சம்.

தமிழில் வைக்கலாமா என்றால், கட்டாயம் வையுங்கள், யூனிகோடில். ஆனால் பொருள் பெயர்களை முதலில் ஒழுங்கு செய்ய வேண்டும். உங்கள் பட்டியலில் கைமுறுக்கு, "கை முறுக்கு 250", "கே.முறுக்கு", "முறுக்கு கை" என்று ஒரே முறுக்கு நான்கு பேராகப் பிரிந்து நிற்கிறது. சேர்த்துக் கூட்டினால் அதுதான் உங்கள் கடையில் முதலிடம். பிரிந்து கிடப்பதால் ஐந்தாவது இடத்தில் இருக்கிறது. டாலியில் ஒரு பொருளுக்கு ஒரே பெயர், எடை தனியே. சலிப்பான வேலைதான். இதைச் செய்யாமல் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள்.

அப்பச்சி திரும்பி வருவாரா என்பது படத்தில் இல்லை, முதல் மாதம் எண்கள் கல்லாவோடு ஒத்துப்போகின்றனவா என்பதில் இருக்கிறது. ஒருநாள் திரை 86 ஆயிரம் என்றும் நோட்டு 81 ஆயிரம் என்றும் சொன்னால், திரை முடிந்தது. அநேகமாக இரண்டுமே சரியாக இருக்கும்: திரையில் வரியும் சேர்ந்திருக்கும், அல்லது திருப்பி வந்த சரக்கைக் கழித்திருக்க மாட்டார்கள், அல்லது கூரியர் ஆர்டரைச் சரக்கு அனுப்பிய நாளில் நோட்டும், பணம் வந்த நாளில் திரையும் எழுதும். "விற்பனை" என்றால் எது என்று மூன்றே வரியில் எழுதி, அப்பச்சி ஒப்புக்கொண்டபின் திரையின் அடியில் சிறிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். முப்பது நாள் இரவும் நீங்களே நோட்டோடு ஒத்துப் பாருங்கள். கூடவே "நேற்று இரவு 10 மணி வரை" என்று தேதியும் நேரமும் இருக்கட்டும். பழைய எண்ணை இன்றைய எண் என்று நம்பி மாவு பிசைந்தால் நஷ்டம் நிஜமானது.

புதிய முதல் பக்கத்தை நான் இப்படி நினைக்கிறேன். மேலே இடப்பக்கம், கண் முதலில் போகிற இடத்தில், நாளைக்குப் போட வேண்டிய அளவு, பலகாரம் வாரியாகக் கிலோவில். இந்த எண்ணுக்குப் பெரிய கணிதம் வேண்டாம். இதேபோன்ற கடந்த நான்கு நாள் (அதே கிழமை, அதே மாதிரி முகூர்த்தம்) எவ்வளவு போனது, தட்டு எப்போது காலியானது, எவ்வளவு திரும்பியது, கையில் எடுத்த கல்யாண ஆர்டர் எவ்வளவு. அப்பச்சி அதைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். அவர் திருத்திய எண்ணையும் பக்கத்தில் பதிந்து வையுங்கள், சில மாதத்தில் யார் சரி என்று தெரியும். (என் பந்தயம் அப்பச்சிமேல்.) வலப்பக்கம், கடை வாரியாகத் திரும்பி வந்த சரக்கும் தட்டு காலியான நேரமும். கீழே நீளமாக தீபாவளிக் கோடு, சீசன் இல்லாதபோது அந்த இடத்தில் முகூர்த்த மாத ஒப்பீடு. ஓரத்தில் வர வேண்டிய பாக்கி. தீர்ந்தது.

மற்ற விவரங்களைத் தூக்கி எறிய வேண்டாம், உள்ளே தள்ளுங்கள். நம் வீடுகளில் முகப்பில் வந்தவரை உட்கார வைக்கிறோம். வேண்டியவர் வளவுக்கு வருவார், இன்னும் வேண்டியவர் இரண்டாம் கட்டு தாண்டி அடுப்படி வரை வருவார். மாவுருண்டைப் பட்டையைத் தொட்டால் மாவுருண்டையின் கடைவாரி விவரம், அதைத் தொட்டால் பில்கள். யாருக்கு எதுவரை வேண்டுமோ அதுவரை.

மேனேஜர்களுக்குத் தனிப் பக்கம் கொடுங்கள், அவரவர் கடை மட்டும். மூன்று கடையையும் ஒன்று இரண்டு மூன்று என்று தரவரிசை போட்டு எல்லாருக்கும் காட்டாதீர்கள். திரும்பி வரும் சரக்கு அவமானம் என்று ஆகிவிட்டால், சரக்கு திரும்புவது நிற்காது, எழுதுவதுதான் நிற்கும்.

எதில் செய்வது? பவர் பி.ஐ.யில் மற்றவரோடு பகிர பொதுவாகப் பார்ப்பவருக்கும் கட்டண உரிமம் கேட்கும். உங்கள் அளவுக்கு எக்செலே போதும், இல்லையென்றால் கூகுளின் லுக்கர் ஸ்டூடியோ. அப்பச்சி மடிக்கணினியைத் திறக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். காலை காப்பியோடு ஏ4 தாள் ஒன்றில் அச்சடித்துக் கொடுங்கள், அதன்மேல் அவர் பேனாவால் கிறுக்கட்டும். அந்தக் கிறுக்கலைச் சேர்த்து வைத்தால் அடுத்த முறை எந்தப் படத்தை எடுக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்று என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

இப்போதைக்கு யாருக்கும் பணம் கொடுத்து எதையும் மாற்றச் சொல்லாதீர்கள். பிள்ளையார்பட்டிக் கடையில் வருகிற நான்கு சனிக்கிழமை, சீப்புச்சீடைத் தட்டு எத்தனை மணிக்குக் காலியாகிறது என்று பையனை எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது சனிக்கிழமை மட்டும் 18க்குப் பதில் 25 கிலோ அனுப்பிப் பாருங்கள். தாளைப் படம் எடுத்து அனுப்பினாலே போதும்.